ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறும் முன்

பெரம்பலூர் நான்கு ரோட்டில் ஞாயிறு ராத்திரி நின்றால் பார்க்கலாம். தோளில் பை, கையில் ஊறுகாய் டப்பா, சென்னை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். குன்னம், வேப்பந்தட்டை, அரியலூர்ப் பக்கத்துப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலை என்பார்கள். ஒருத்தியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் கம்பெனி பெயரே இல்லை; யாரோ ஒரு கான்ட்ராக்டர் பெயர்தான் இருந்தது. அவளும் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள்.

செய்ய வேண்டியவை

• சம்பளம் தரப்போவது யார் என்று ஏஜெண்டிடம் முதலிலேயே கேளுங்கள். நியமனக் கடிதத்தை வாங்காமல் விடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய தொழிலாளர் சட்டங்களில் அது கட்டாயம்.

• பே ஸ்லிப்பை மாதாமாதம் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்புங்கள். பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறியதா என்று உமங் செயலியில் பாருங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால் கம்பெனிதான் தர வேண்டும். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது இது. புதிய சட்டமும் அதையே சொல்கிறது. கேட்டில் கைவிரித்தால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

• ஓ.டி. நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. மணிக்கணக்கை நீங்களே எழுதி வையுங்கள்.

• வேலை செய்த நாட்களையும் எழுதுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நாள் கணக்கு கையில் இல்லாதவர் அந்த உரிமையை நிரூபிப்பது கடினம்.

• ஹாஸ்டல் சாப்பாடு கெட்டிருந்தால் அன்றே எல்லோருமாகச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் சாப்பிட்ட, ஆப்பிள் போன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் ஆள் அனுப்பி விடுதிகளைப் பார்த்தது. தரமில்லை என்று ஒப்புக்கொண்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேதனையை அனுபவித்திருக்கவே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

• வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ், ஏ.டி.எம். கார்டு எதையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

• வாட்ஸப்பில் வந்ததை அப்படியே பரப்பாதீர்கள். 2021-இல் அந்த விடுதிப் பெண்களில் சிலர் இறந்துவிட்டதாகக் கிளம்பிய வதந்தியால் ஊரில் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

• கோபத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வராதீர்கள். புதிய சட்டப்படி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் ஒன்றாக லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் சேரும்.

• சங்கம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் என்று ஒதுங்காதீர்கள். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்று இருப்பதையே நிர்வாகம் எதிர்த்தது. தொழிலாளர்கள் விடாமல் நின்று, 2025 ஜனவரி 27-இல் சங்கத்துக்குப் பதிவு வாங்கினார்கள். ஒரே லைனில் பக்கத்தில் நிற்கும் பர்மனென்ட் அண்ணனிடமோ அக்காவிடமோ பேசிப் பழகுங்கள். அவர்களுக்கும் நீங்கள் வேண்டும்.

• எச்.ஆர். கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். கூட ஒருத்தியையாவது அழைத்துப் போங்கள்.