செடிகொடிகளின் தோழர்

கடலூருக்கும் விருத்தாசலத்திற்கும் இடையே அமைந்துள்ளது நெய்வேலி. நிழல்மரங்கள் அணிவகுத்து நிற்கும் அகன்ற தெருக்களை உடைய அந்நகரியத்திற்கு அப்பால், நிலத்தைப் படிப்படியாக அகழ்ந்து அமைத்த சுரங்கம் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடக்கின்றது. மேலே செம்மண்ணும் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தோன்றும். அவற்றின் கீழே கரும்பழுப்பு நிறத்தில் ஒரு படுகை நீண்டு செல்லும். அதுவே பழுப்பு நிலக்கரி. பெரிய சக்கரங்களில் வாளிகளைப் பொருத்திய இயந்திரங்கள் அதனை இரவு பகலாக வெட்டி எடுக்கின்றன. வெட்டிய கரி அனல்மின் நிலையத்திற்குச் சென்று எரிந்து, மின்னாற்றலாக மாறி, ஊர்தோறும் விளக்கேற்றுகின்றது.

அக்கரித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து உற்று நோக்குவோர் வியப்படைவர். சில துண்டுகளில் மரத்தின் நார் இன்னும் தெளிவாகத் தெரியும். சில வேளைகளில் அடிமரமே உருக்குலையாமல் கரிப்படுகையில் படுத்துக் கிடக்கும். இவை ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இவ்விடத்தில் தழைத்து நின்ற காட்டின் எச்சங்கள். சதுப்பு நிலத்தில் வளர்ந்த மரங்கள் வீழ்ந்து, சேற்றிலும் நீரிலும் அமிழ்ந்தன. காற்றுப் படாமையால் அவை முற்றும் மட்கி அழியவில்லை. அவற்றின்மேல் மணலும் களிமண்ணும் படிந்து அழுத்த, நாளடைவில் அவை கரியாயின. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபொழுது நீரோடு வெளிவந்த கரிய பொருள் இக்காட்டின் ஒரு துகளே ஆகும்.

நெய்வேலிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரையில் இதற்கு மாறான ஒரு காட்சியைக் காணலாம். அங்கே மரங்கள் கரியாகவில்லை, கல்லாகிவிட்டன. மணலில் புதைந்த மரங்களுக்குள் மணற்சத்துக் கரைந்த நீர் ஊறிச் சென்று, அவற்றின் நுண்ணறைகள்தோறும் படிந்து இறுகியது. ஆண்டு வளையமும் கணுவும் அப்படியே இருக்க, மரம் மட்டும் பாறையாயிற்று. தட்டினால் கல்லோசை எழும். பார்த்தால் நேற்று வெட்டிய மரம்போல் தோன்றும்.

இவ்வாறு மாண்டுபோன செடிகொடிகளையே தம் வாழ்நாள் தோழர்களாகக் கொண்டவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். திருவக்கரைக் கல்மரங்களில் ஒரு வகையை ஆராய்ந்து, அதன் இனத்தை 1931-ஆம் ஆண்டில் வரையறுத்துக் கூறியவரும் அவரே. அவர் பெயர் பீர்பால் சாஹ்னி.

சாஹ்னி 1891-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பேரா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில் உள்ளது. அவருடைய தந்தையார் ருசிராம் சாஹ்னி, இலாகூரில் வேதியியல் ஆசிரியராக விளங்கியவர். விடுமுறை வந்தால் அவர் தம் மைந்தரை இமயமலைக்கு அழைத்துச் செல்வார். பனி மூடிய கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து செல்லும் அப்பயணங்களே சிறுவனுக்குப் பள்ளியாயின. பிற்காலத்தில் அவர் மலையேறும்பொழுதெல்லாம், இந்தியச் செடிகொடிகளைப் பற்றி ஹூக்கர் எழுதிய பெருநூலை உடன் கொண்டு செல்வது வழக்கம். சுமையைக் குறைக்க எண்ணும் மலைப்பயணிக்கு அந்நூல் ஏற்ற துணையன்று. ஆயினும், வழியில் தென்படும் செடியின் பெயரை அறியாமல் கடந்து செல்ல அவருக்கு மனம் வந்ததில்லை.

1911-இல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பேராசிரியர் சீவர்டு அவருக்கு ஆசானாக வாய்த்தார். மண்ணுள் புதைந்த பழங்காலத் தாவரங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அந்நாளில் சீவர்டு பெரும்புகழ் பெற்றிருந்தார். ஆசானுக்கும் மாணவருக்கும் இடையே தோன்றிய அன்பு, பின்னர் நட்பாக முதிர்ந்து இறுதிவரை நிலைத்தது. மாணவராக இருந்த காலத்திலேயே, லோசன் எழுதிய தாவர நூலை இந்திய மாணவர்க்கு ஏற்பத் திருத்தும் பணியிலும் சாஹ்னி பங்கு கொண்டார். ஆங்கிலநாட்டு வயல்களில் வளரும் செடிகளையே எடுத்துக்காட்டாகப் படித்து வந்த நம் மாணவர்கள், தம் வீட்டுத் தோட்டத்துச் செடியை நூலில் காணும் வாய்ப்பினைப் பெற்றனர்.

1919-இல் தாயகம் திரும்பிய அவர், காசியிலும் இலாகூரிலும் சிறிது காலம் பணியாற்றியபின், 1921-இல் இலக்குமணபுரிப் பல்கலைக்கழகத்தில், அதாவது லக்னோவில், தாவரவியல் பேராசிரியரானார். அதன்பின் அவ்வூரே அவருக்கு நிலையான இடமாயிற்று.

புதைந்த தாவரத்தை ஆராய்வோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உயிருள்ள மரத்தில் வேரும் அடிமரமும் இலையும் பூவும் ஒருங்கே இருக்கின்றன. பாறையிலோ இலை ஓரிடத்திலும், தண்டு வேறோரிடத்திலும், பூ மற்றோரிடத்திலும் கிடக்கும். கண்டவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் செடியெனக் கருதித் தனித்தனிப் பெயர் இட்டுவிடுவர். இராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த படிவங்களும் அவ்வாறே பல பெயர்களில் சிதறிக் கிடந்தன. சாஹ்னி அவற்றை மெல்லிய சீவல்களாக அறுத்து, நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இந்த இலையும் இந்தத் தண்டும் இந்தப் பூவும் ஒரே செடிக்கு உரியவை என நிறுவினார். பனைபோன்ற இலைகளைத் தலையில் சூடிய ஒரு சிறு மரம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் முழு உருவத்துடன் ஏட்டில் எழுந்து நின்றது. 1932-இல் அதனை வெளியிட்டபொழுது அவர் அதற்கு இட்ட பெயர் ‘வில்லியம்சோனியா சீவர்டியானா’ என்பதாகும். தம் ஆசானின் பெயரை ஒரு செடிக்கு இட்டு வழங்கினார். சீவர்டு 1941-இல் மறைந்தார், அப்பெயர் மறையவில்லை.

உலகெங்கிலுமிருந்து சாஹ்னி திரட்டிய படிவங்கள் நாளுக்கு நாள் பெருகின. இவற்றைப் பேணவும், இத்துறையில் இளைஞரைப் பயிற்றவும் ஒரு தனி நிறுவனம் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவர் மனைவியார் சாவித்திரி அம்மையார் அவ்வெண்ணத்திற்கு முழுத் துணையாக நின்றார். ஆராய்ச்சிப் பயணங்கள் பலவற்றில் கணவருடன் சென்றவர் அவர். 1946-இல் இருவரும் தம் படிவத் தொகுதியையும் நூல்களையும் பொருளையும் அறக்கொடையாக அளித்தனர்.

1949-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாள், தலைமை அமைச்சர் ஜவஹர்லால் நேரு நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டினார். அவ்வடிக்கல் பிற அடிக்கல்லைப் போன்றதன்று. பல இடங்களில் கிடைத்த தாவரப் படிவங்களைப் பதித்து, சாஹ்னியே அதனை உருவாக்கினார். விழாவுக்கு அடுத்த கிழமையே, ஏப்பிரல் 10-ஆம் நாள், மாரடைப்பினால் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தேழு. நிறுவனத்தைப் பேணி வளர்க்குமாறு மனைவியாரிடம் கூறியதே அவருடைய இறுதி விருப்பமாகும். இன்று அந்நிறுவனத்தின் வளாகத்திலேயே அவருடைய நினைவிடம் உள்ளது.

அடிக்கல் மட்டுமே நாட்டப்பட்ட நிலையில் தலைவரை இழந்த நிறுவனங்கள் பல, அடிக்கல்லோடே நின்றுவிடுவதுண்டு. இதுவும் அவ்வாறே ஆகியிருக்கக்கூடும். கட்டடம் எழவில்லை, பொருளும் போதிய அளவு இல்லை, இத்துறையை அறிந்தவரோ நாட்டில் மிகச் சிலரே. சாவித்திரி அம்மையார் அறிவியல் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் அல்லர். ஆயினும் தலைமைப் பொறுப்பை அவரே ஏற்றார். அரசினரை அணுகினார்; பிற நாட்டு அறிஞர்க்கு எழுதினார்; கணவரின் மாணவர்களை ஒன்று சேர்த்தார். 1952-இன் இறுதியில் கட்டடம் நிறைவெய்தியது. அடுத்த திங்களில் நேருவே வந்து அதனைத் திறந்துவைத்தார். இருபது ஆண்டுகள், 1969 வரை, அம்மையார் அப்பொறுப்பில் இருந்தார்.

சாஹ்னியின் நண்பர்களும் மாணவர்களும் அவரை நினைவுகூர்ந்த முறையும் குறிப்பிடத்தக்கது. சிலை வைப்பதோடும் இரங்கற் பா பாடுவதோடும் அவர்கள் அமையவில்லை. 1952-இல் நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழ் தொடங்கியது. அதன் முதல் தொகுதியைச் சாஹ்னியின் நினைவுமலராகவே வெளியிட்டனர். பல நாட்டு அறிஞர்கள் அதில் எழுதினர். மறைந்த நண்பர் உயிரோடிருந்தால் எவற்றை விரும்பிப் படிப்பாரோ அவற்றையே, அதாவது புதிதாகக் கண்ட படிவங்களின் செய்திகளையே, அவருக்குக் காணிக்கையாக்கினர்.

இதற்கிடையில் தெற்கே நெய்வேலியில் வேலை தொடங்கியது. பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்ற நாள் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14. சாஹ்னியின் பிறந்த நாளும், நேருவின் பிறந்த நாளும் அதுவே என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம். 1957 மே 20-ஆம் நாள் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படுகை கண்ணுக்குப் புலப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், சாஹ்னியின் நினைவுமலராகப் பிறந்த அவ்விதழின் பத்தாவது தொகுதியில், நெய்வேலிக் கரியில் கிடைத்த மகரந்தங்களைப் பற்றி நவலே என்னும் ஆராய்ச்சியாளர் எழுதினார். மகரந்தத் தூளின் புறத்தோல் மிக உறுதியானது. இலையும் பட்டையும் உருத்தெரியாமல் கரியானபோதும் அது அழிவதில்லை. கரித்துண்டை அமிலத்திலும் காரத்திலும் இட்டுக் கரைத்தால், எஞ்சும் வண்டலில் மகரந்தங்கள் அகப்படும். அவற்றின் வடிவத்தையும் துளைகளையும் நுண்ணோக்கியில் கண்டு, எம்மரத்தினுடையவை என்று அறியலாம். 1966-இல் இராமானுஜம் என்னும் மற்றோர் அறிஞரும் அக்கரியின் மகரந்தங்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பனையினத்து மரங்கள் அக்காட்டில் நின்றன என்பதை இத்தகைய ஆராய்ச்சிகளால் அறிகின்றோம்.

கரிப்படுகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டறிய இந்நுண்பொருள்கள் உதவும் என்பதைச் சாஹ்னி முன்னரே வற்புறுத்தியிருந்தார். ஆதலின், இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. சுரங்கத்தாருக்கும் அது பயன் தருவது. ஆனால் அதற்குக் காலம் குறுகியது. வெட்டிய கரி எரிந்து சாம்பலாகிவிட்டால், அதிலிருந்த மகரந்தத்தைப் பின்னர் எவரும் தேடிப் பெற இயலாது. எனவே கரி உலைக்குச் செல்லுமுன் அதில் ஒரு கைப்பிடியை எடுத்துக் கரைத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, மேலே எண்ணும் பெயரும் எழுதிப் பாதுகாக்கின்றனர்.