பல்லும் கண்ணும் செவியும்

முதுமையில் பல் ஆடும், கண் மங்கும், செவி மந்தமாகும். செலவுக்கு அஞ்சி, முதியோர் பலர் தம் குறையை வெளியில் சொல்வதில்லை.

70 வயது நிறைந்தோருக்கு, வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு குடும்பத்து முதியோர் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கண்புரை அறுவைச் சிகிச்சையும் இதில் அடங்கும். ஆயினும் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் இக்காப்பீடு உதவாது.

அக்குறையை ஓரளவு போக்குவது, 2017இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம். 60 வயது நிறைந்த ஏழை முதியோருக்கு மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட்டு முதலியன முகாம்களில் இலவசமாக அளிக்கப்படுகின்றன.

வேற்று மாநிலத்தில் வாழும் பாட்டிக்கு அங்குள்ள படிவத்தின் மொழி புரியாதிருக்கலாம். அம்மொழியைப் பள்ளியில் கற்கும் பேரக்குழந்தை அதைப் படித்துத் தமிழில் விளக்கினால், பாட்டியின் தயக்கம் நீங்கும். கற்ற மொழிகள் இரண்டும் அன்று பயன் தரும்.

பயிற்சி
1. ஆயுஷ்மான் காப்பீட்டில் அடங்குவது எது? அடங்காதவை எவை?
2. வீட்டிலுள்ள முதியோரிடம் பல், கண், செவி நலம் பற்றிக் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.