பழுதுற்ற நினைவட்டையில் கோப்பை அழிக்கலாமா?

பாகான் நக்கோடா ஓமார், சபாக் பெர்ணாம், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மில் பலர், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, குடும்பப் படங்கள் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியின் நினைவட்டையில் சேர்த்து வைக்கின்றோம். ஒரு நாள் சில கோப்புகள் திறவாமற் போகின்றன. பெயர்கள் புரியாத எழுத்துகளாக மாறுகின்றன. கெட்டவற்றை அழித்துவிட்டால் மற்றவை பிழைக்கும் என்று எண்ணுகின்றோம். அவ்வெண்ணமே பேரிழப்புக்குக் காரணமாகலாம்.

அட்டைக்குள் இருப்பது என்ன?

அட்டையில் தகவல் தங்கும் சிறு சிறு கட்டங்களும், எந்தக் கோப்பு எக்கட்டங்களில் உள்ளது எனக் கூறும் பதிவேடும் உண்டு. 32 கிகாபைட் வரையிலான அட்டைகளில் வழக்கமாக உள்ள ஃபேட் என்னும் பதிவேட்டு முறை, 1977இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் தோன்றியதன் வழிவந்ததாகும். இம்முறையில் ஒரு கோப்பை அழித்தால் பதிவேட்டில் அதன் பெயர் அடிக்கப்பட்டு, கட்டங்கள் காலியெனக் குறிக்கப்படுகின்றன. பின்னர் வரும் புதிய கோப்பு அவற்றின் மேல் எழுதப்படுகிறது.

எழுதும்போதே அட்டையைப் பிடுங்குவதாலும், மின்சாரம் நின்றுபோவதாலும், அட்டை தேய்வதாலும் பதிவேடு கெடுகிறது.

பால்மரத் தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒரே நிரை தவறுதலாக இருவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது என்போம். அவ்விருவரில் ஒருவர் வேலையை விட்டதும், கிராணியார் அவர் பெயரை அடித்து, நிரை காலியென்று புதியவருக்குக் கொடுக்கின்றார். மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஒரே நிரையில் இருவர் கத்தியோடு நிற்பர். மரங்கள் இருமுறை வெட்டுப்படும். பழுதுற்ற அட்டையிலும் ஒரே கட்டம் இரு கோப்புகளின் பெயரில் இருக்கக்கூடும். கெட்ட கோப்பை அழித்தால் நல்ல கோப்பின் கட்டமும் காலியெனக் குறிக்கப்படும். அடுத்து எடுக்கும் படம் அதன்மேல் விழுந்தால், பழையதை மீட்க இயலாது.

செய்யவேண்டியவை

1. புதிய படம் எடுக்கவேண்டாம், எதையும் அழிக்கவேண்டாம். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் இணங்கவேண்டாம்.

2. தொலைபேசியை அணைத்து, அட்டையைக் கழற்றி, பக்கவாட்டில் சிறு பூட்டுள்ள அடாப்டரில் இடுக. பூட்டைத் தள்ளிவைத்தால் பெரும்பாலான கணினிகள் அதில் எழுதமாட்டா.

3. திறக்கும் கோப்புகளைக் கணினிக்கு நகலெடுக்க, முக்கியமானவை முதலில். நகலைத் திறந்து சரிபார்க்க.

4. அதன் பின்னரே பூட்டை நீக்கி, விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் என்னும் கருவியால் பதிவேட்டைச் சீர்செய்க. அக்கருவியும் பதிவேட்டை மாற்றி எழுதுவதால், நகலெடுக்குமுன் அதனை இயக்குதல் ஆகாது.

5. சீரானபின் வேண்டாதவற்றை அழிக்கலாம். மீண்டும் பழுது கண்டால் அட்டையை மாற்றுக.

பிறப்புப் பத்திரம் தொலைந்தால் தேசியப் பதிவு இலாகாவில் நகல் பெறலாம். மறைந்த தாய் தந்தையரின் படத்திற்கு எந்த இலாகாவிலும் நகல் இல்லை. கடல்நீர் ஏறியபின் கரை கட்டிப் பயனில்லை என்பதை நம் வட்டாரத்து மக்கள் நன்கறிவர். ஆகவே, அட்டை நன்றாக இருக்கும்போதே இன்னொரு நகலை வேறோர் இடத்தில் வைப்போமாக.