மெசின் வாங்குமுன் ஓடாவியைக் கேளுங்கள்

மண்கும்பான் பக்கத்துத் தச்சுப் பட்டறைக்காரர் சிலர், கணினியில் ஓடும் மரஞ்செதுக்கும் மெசின் வாங்கினால் பழைய ஓடாவியை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கூடாது என்பேன். 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு வந்த ரோபோவுக்கும் ஒவ்வோர் அசைவையும் மனிதன்தான் பழக்கினான். எந்தப் பலகை ஈரம், எது வெடிக்கும் என்பது ஓடாவியின் கைக்குத் தெரியும். மெசின் சொன்ன கோட்டில் வெட்டும். பலகை பாழானால் நட்டம் முதலாளிக்கு.

ஐம்பது வயதில் என்ன படிப்பு என்பது வீண்பேச்சு. வயது வந்தவர் வேலையோடு வேலையாகத்தான் நன்றாகப் படிப்பார். நமது நாட்டின் என்.வி.கியூ. தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. அனுபவமுள்ளவர் வகுப்புக்குப் போகாமலே, நைட்டா மூலம் மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். மெசினுக்கு விலை பேசும்போதே, ஓடாவிக்குப் பட்டறையிலேயே பயிற்சி தரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.