புள்ளியியல் அரியரோடு டிகிரி முடிக்க முடியுமா?

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல், தமிழ் வழியில் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு இப்போதுதான் முடிந்தது. பொருளியல் தாள்களில் எல்லாம் 60-க்கு மேல் வாங்கியிருக்கிறேன். முதல் செமஸ்டர் புள்ளியியலும் இரண்டாம் செமஸ்டர் ஆங்கிலமும் அரியர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் போன செமஸ்டரில் என் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. “மெயின் பேப்பர் பாஸ்னா போதும், மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். டிகிரியே இனி நான்கு வருடம் என்றும் சொல்கிறார்கள். பி.ஏ. முடித்ததும் பி.எட். சேர்ந்து டீச்சராக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். என் டிகிரி சரியாக முடியுமா?
– ஒரு மாணவி, தேனி மாவட்டம்

பதில்: முடியும். இரண்டு அரியர் என்பது பயப்படும் அளவு பாரமில்லை. ஆனால் அந்த அண்ணன் சொன்னதை மட்டும் இன்றோடு மறந்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகும் டிகிரி சான்றிதழ் வாங்க முடியாமல் நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் நுண்ணியல் பொருளியலிலும் பேரியல் பொருளியலிலும் நல்ல மார்க் எடுத்தவர்கள்தான். அவர்களை நிறுத்தியவை சின்னத் தாள்கள் என்று ஒதுக்கிவைத்த பாடங்கள்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. பொருளியல் ஐந்து பகுதிகளாக இருக்கிறது. பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம். மூன்றாவதில் பொருளியல் முதன்மைத் தாள்களும் புள்ளியியல், கணிதம் போன்ற துணைத் தாள்களும் வரும். நான்காவது பகுதி திறன் படிப்புகள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. ஐந்தாவது நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி. பல பல்கலைக்கழகங்களில் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 140 கிரெடிட். 139 எடுத்தாலும் டிகிரி வராது. சுற்றுச்சூழல் தாளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அது உச்ச நீதிமன்ற ஆணையால் எல்லா இளநிலைப் படிப்பிலும் கட்டாயமாக்கப்பட்ட பாடம். என்.எஸ்.எஸ். கிரெடிட் உங்கள் மார்க் ஷீட்டில் ஏறிவிட்டதா என்று இந்த வாரமே பாருங்கள். முகாமுக்குப் போய்வந்தும் பெயர் பதிவாகாமல் விட்டுப்போவது உண்டு.

முதல் வகுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வகுப்பு பகுதிவாரியாகக் கணக்கிடப்படுகிறது. உங்கள் பாடத்துக்கான வகுப்பு என்று எல்லோரும் பார்ப்பது மூன்றாம் பகுதியைத்தான், 60 சதவீதம் எடுத்தால் முதல் வகுப்பு. ஆங்கில அரியர் அதைத் தொடாது. புள்ளியியல் மூன்றாம் பகுதிக்குள் இருப்பதால் அதன் மார்க்கைக் கவனிக்க வேண்டும். அரியர் வைத்துத் தேறியவர்களுக்குப் பொதுவாக ரேங்க் கிடைக்காது, ஆனால் முதல் வகுப்புக்குத் தடையில்லை.

இனி தேர்வுக் கணக்கு. இதைப் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை என்பது என் பெரிய வருத்தம். பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு 75-க்கு நடக்கும் தேர்வில் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும். இன்டர்னலில் 22, தேர்வில் 26 வாங்கிய பெண், கூட்டினால் 48 வருகிறதே, எப்படி ஃபெயில் என்று அழுதுகொண்டு வருவாள். தேர்வில் நான்கு மார்க் குறைந்ததுதான் காரணம். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: தேர்வில் சரியாக 30 எடுத்தவருக்கு இன்டர்னலில் 10 இல்லாவிட்டால் அதுவும் ஃபெயில். இன்டர்னலைத் திரும்ப எழுத வழி கிடைப்பது அரிது, அரியர் எழுதும்போதும் பழைய இன்டர்னல் மார்க்தான் சேரும். ஆகவே உங்கள் புள்ளியியல் இன்டர்னல் எவ்வளவு என்று பார்த்து, தேர்வில் எத்தனை எடுக்க வேண்டும் என்ற எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் புள்ளியியலைப் பாஸ் மார்க்கோடு விட்டுவிடாதீர்கள். உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். கணக்கு வராது என்பதால் பொருளியல் எடுத்தேன் என்று சொல்லும் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் ஏராளம். அவர்கள் மேல் தப்பில்லை, பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களுக்கும் நாம் இடம் கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் பொருளியல் வேலை செய்வதே எண்களின் மேல்தான். புள்ளியியலில் வரும் லாஸ்பியர் குறியீட்டெண்ணை மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள். அரிசி, எண்ணெய், வாடகை, பஸ் கட்டணம் என்று ஒரு குடும்பம் அடிப்படை ஆண்டில் எவ்வளவு செலவிட்டதோ அதையே எடையாக வைத்து, இன்றைய விலையில் அதே பொருட்களுக்கு என்ன ஆகும் என்று பார்ப்பது அந்தச் சூத்திரம். நம் நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இந்த முறையில்தான் கணக்கிடப்படுகிறது, மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியும் அதைப் பார்த்தே நிர்ணயமாகிறது. உங்கள் வீட்டு மளிகைக் கணக்கை இரண்டு மாதத்துக்கு எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், அந்தச் சூத்திரம் மறக்காது.

தமிழ் வழியில் புத்தகம் இல்லை என்று தயங்க வேண்டாம். நம் அரசுப் பாடநூலில் 11-ஆம் வகுப்புப் பொருளியலின் கடைசிப் பாடம் கணித முறைகள், 12-ஆம் வகுப்பின் கடைசிப் பாடம் புள்ளியியல் முறைகள். பள்ளியில் அவசர அவசரமாக முடிக்கப்படும் பாடங்கள் அவை. இந்த விடுமுறையில் அவற்றிலுள்ள கணக்குகளைப் பேனா பிடித்துப் போட்டுவிடுங்கள். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு இந்த நான்கும் கைவந்தால் அரியர் தானாகத் தீரும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வின் பொருளியல் தாளிலும் கணிதமும் புள்ளியியலும் பெரிய பங்கு. சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. அங்கே எம்.ஏ. படிக்க நினைத்தாலும் இந்த அடித்தளம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது.

வருகைப்பதிவு: 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டி, கட்டணம் கட்டி, கண்டோனேஷன் வாங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத விடமாட்டார்கள், 50-க்குக் கீழே என்றால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டிவரும். நீங்கள் தேர்வு எழுதிவிட்டீர்கள் என்றால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. அம்மாவின் மருத்துவச் சீட்டுகளின் நகல் ஒன்றைத் துறைத்தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.

நான்கு வருடப் படிப்பு உங்களுக்கில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் அப்படி மாறியது, அங்கேயும் மூன்றாம் ஆண்டோடு டிகிரி வாங்கிக்கொண்டு வெளியேறலாம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் சேர்ந்தது மூன்றாண்டுப் படிப்பு. சேர்ந்த ஆண்டின் விதிமுறைதான் கடைசிவரை உங்களுக்குப் பொருந்தும்.

பி.எட். பற்றிச் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நம் மாநில பி.எட். சேர்க்கையில் பொருளியல் மாணவர்களுக்கு பி.ஏ. மட்டும் போதாது, எம்.ஏ. முடித்திருக்க வேண்டும். பொருளியல் தனிப்பாடமாக வருவதே 11, 12-ஆம் வகுப்புகளில்தான், அதை நடத்துபவர் முதுகலை ஆசிரியர். ஆகவே உங்கள் பாதை பி.ஏ., பிறகு இரண்டாண்டு எம்.ஏ., பிறகு பி.எட்., அதன் பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு. எம்.ஏ. முடிக்கும்போது இன்னொரு கதவும் திறக்கும்: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு. அதற்கும் பி.ஏ. போதாது, பொருளியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். வீட்டில் இந்தக் கணக்கை இன்றே பேசிவிடுங்கள். கடைசி ஆண்டு முடிவில் தெரிந்து உடைந்துபோன பெண்கள் உண்டு.

பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால், அரசு வேலை நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கும் நீங்கள் தகுதி பெறலாம். பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் அதற்கான சான்றிதழ்களை டி.சி. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்தாம் செமஸ்டர் தாள்களோடு இரண்டு அரியரையும் சேர்த்துக் கட்டணம் கட்டுங்கள். ஒன்றை ஏப்ரலுக்கு என்று தள்ளினால், இறுதி செமஸ்டரில் அது புராஜெக்ட்டோடு வந்து மோதும். எம்.ஏ. சேர்க்கை நடக்கும் நேரத்தில் அரியர் முடிவுக்குக் காத்திருந்தால் ஒரு வருடமே போய்விடும்.