மரக்கிளையில் ஒரு தண்ணீர்க் கிண்ணம்

மாணவர்களே, கேமரன் மலைப் பூச்செடிக் கடைகளில் நட்சத்திரம்போல் விரிந்த செந்நிறச் செடியைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பெயர் குஸ்மேனியா. அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளே இதன் தாயகம்.

அங்கே இது பெரும்பாலும் மரக்கிளைகளில் வளர்கிறது. ஆனால் ஒட்டுண்ணி அன்று. இதன் வேர்கள் கிளையைப் பற்றிக்கொள்கின்றன. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இவ்வாறு வாழ்பவை தொற்றுத் தாவரங்கள். கம்போங் ராஜாவுக்குத் தெற்கே, பிரிஞ்சாங் மலையின் பாசி படர்ந்த காட்டிலும் ஆர்க்கிட்களும் பெரணிகளும் இப்படித்தான் வாழ்கின்றன.

நீர் எங்கிருந்து?
இலைகளின் அடிப்பகுதிகள் நெருங்கி அமைந்து கிண்ணம் போலாகின்றன. அதில் மழைநீர் தேங்குகிறது. சருகுகளும் இறந்த பூச்சிகளும் மக்குகின்றன. இலைகளிலுள்ள நுண்செதில்கள் நீரையும் சத்துகளையும் உறிஞ்சுகின்றன.

சிவப்பாக இருப்பது பூவா?
இல்லை, பூவடியிலைகள். உண்மையான பூக்கள் சிறியவை; அவற்றின் நடுவே மலரும். பூத்த செடி மெல்ல மடியும். அதன் அடியில் தோன்றும் கன்றுகள், வாழையைப் போலவே, அதன் இடத்தைப் பிடிக்கும்.

கவனம்!
கிண்ணத்து நீரில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் பெருகலாம். முட்டை பொரிந்து கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். எனவே வாரந்தவறாமல் செடியைக் கவிழ்த்துப் பழைய நீரைக் கொட்டுங்கள். இலையிடுக்குகளை நன்றாக அலசிப் புதுநீர் ஊற்றுங்கள்.

சிந்தியுங்கள்: தொட்டி மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் இச்செடியின் வேர் அழுகுகிறது. ஏன்? காட்டில் அந்த வேர்கள் எங்கே இருந்தன என்று எண்ணிப்பாருங்கள்.