பெறுமானத் தேய்வும் கமக்காரரின் கணக்கும்

வரவு செலவுக் கணக்கு எழுதும் கமக்காரர் பலர் விதை, பசளை, கூலி, எரிபொருள் ஆகியவற்றைத் தவறாது குறிக்கின்றனர். நீரிறைக்கும் இயந்திரமும் மருந்து தெளிகருவியும் ஆண்டுதோறும் இழக்கும் பெறுமதியைக் குறிப்பவர் சிலரே. கையிலிருந்து பணம் வெளியேறாமையால் இச்செலவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பயிர் வாடும் வேளையில் இயந்திரம் முற்றாகப் பழுதடையும்போதே அது தெரிய வருகின்றது. அப்போது நகையை அடைவு வைக்க நேரிடும்.

பொருள்

பயன்படுத்துவதாலும் காலங் கழிவதாலும் ஒரு கருவியின் பெறுமதியில் ஏற்படும் குறைவு பெறுமானத் தேய்வு எனப்படும். துருவும் உவர்நீரும் கவனமின்மையும் இதனை விரைவுபடுத்தும். நிலத்துக்கு இது கணக்கிடப்படுவதில்லை.

கணக்கிடும் முறை

கொள்விலையிலிருந்து, கருவியைக் கடைசியில் விற்கும்போது கிடைக்கக்கூடிய எச்சப் பெறுமதியைக் கழித்து, மீதியை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்தல் வேண்டும்.

உதாரணம்:
கொள்விலை – ரூபா 60,000
எச்சப் பெறுமதி – ரூபா 4,000
உழைக்கும் காலம் – 8 ஆண்டுகள்
ஆண்டுத் தேய்வு – ரூபா 7,000

இவ்வியந்திரம் ஆண்டில் 700 மணித்தியாலம் ஓடுமாயின், மணித்தியாலத்துக்குத் தேய்வு 10 ரூபாவாகும். வெண்காயச் செய்கைக்கு 150 மணித்தியாலம் இறைப்பின், அச்செய்கையின் செலவில் 1,500 ரூபாவைச் சேர்த்தல் வேண்டும். அயலவருக்கு வாடகைக்கு விடுவோர் எரிபொருட் செலவை மட்டும் அறவிடின், இயந்திரத்தையே சிறிது சிறிதாக இனாமாகக் கொடுப்பவராவர்.

கவனிக்க வேண்டியவை

1. வாங்கிய ஆண்டில் முழு விலையையும் செலவாக எழுதலாகாது. எழுதியபின் தேய்வையும் எழுதினால், ஒரே செலவு இருமுறை கணக்கிடப்படும்.

2. திருத்தச் செலவைத் தனியாக எழுதுக.

3. கடனில் வாங்கியிருப்பின் வட்டியைச் செலவாக எழுதுக. திருப்பிக் கொடுக்கும் முதல் செலவன்று.

4. ஏட்டில் எழுதுவதால் மட்டும் பணம் சேராது. ஒவ்வோர் அறுவடையின் பின்னும் அத்தொகையைச் சேமிப்புக் கணக்கில் இடுக.

5. பழைய விலைக்குப் புதிய இயந்திரம் கிடைக்குமென எண்ணலாகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. இறக்குமதிப் பொருள்களின் விலைகளும் உயர்ந்தன. ஆகவே, இயலுமாயின் தேய்வுத் தொகைக்குச் சற்று மேலாகவே சேமித்தல் நன்று.

இலாபம் எனக் கருதிச் செலவிடப்படும் பணத்தில் இயந்திரத்தின் விலையும் கலந்திருக்கின்றது. அதனைப் பிரித்து வைத்தபின் எஞ்சுவதே உண்மையான இலாபமாகும்.